2027 உலகக் கிண்ணம்: இலங்கை அணியின் முதல் பத்து ஓவர்கள்

திருகோணமலையில் கடினப்பந்து ஆடும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "கொழும்பில் இந்தியாவையும் அவுஸ்திரேலியாவையும் தொடரில் தோற்கடித்த அணி எங்களுடையது. 2027 உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்குப் போகாதா? மக்கெய்சர் மைதானத்துப் பக்கம் பின்னேரத்தில் இதைத்தான் கதைக்கிறார்கள். பாதிப் பேர் கிண்ணமே எங்களுக்குத்தான் என்கிறார்கள், மீதிப் பேர் முதல் சுற்றோடு பெட்டி கட்டிவிடுவார்கள் என்கிறார்கள்."

தம்பி, இரண்டு பக்கமும் பிழை. சுப்பர் சிக்ஸ் என்ற இரண்டாம் சுற்று வரை போகக்கூடிய அணி இது. அதற்கு மேலே போகுமா என்பது புதுப் பந்துக்கு எதிரான முதல் பத்து ஓவர்களில் தங்கியிருக்கிறது. சுழற்பந்து, களத்தடுப்பு, தலைமை எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கொழும்பு வெற்றிகளை முதலில் எடுப்போம். 2024 ஓகஸ்டில் இந்தியாவுடனான முதல் ஆட்டம் சமநிலை, அடுத்த இரண்டிலும் இலங்கைக்கு வெற்றி. இரண்டாவதில் ஜெப்ரி வெண்டர்சே 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், மூன்றாவதில் துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், இருவரும் சுழற்பந்து வீச்சாளர்கள். 2025 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவை முதல் ஆட்டத்தில் 165 ஓட்டங்களுக்கும் இரண்டாவதில் 107 ஓட்டங்களுக்கும் சுருட்டினார்கள். முதல் ஆட்டத்தில் சரித் அசலங்க 127, அடுத்ததில் குசல் மெண்டிஸ் 101. யாரும் இலவசமாகக் கொடுத்த வெற்றிகள் அல்ல. ஆனால் இந்த ஐந்து ஆட்டங்களும் நடந்தது ஆர். பிரேமதாச மைதானம் ஒன்றிலேயே. பந்து தரையைப் பிடித்து, நின்று, திரும்பி வரும் இடம் அது. 2027 ஒக்டோபர், நவம்பரில் உலகக் கிண்ணம் நடக்கப்போவது தென்னாபிரிக்காவிலும் சிம்பாப்வேயிலும் நமீபியாவிலும். அந்தப் பக்கத்தில் பிரேமதாசவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாவது வரக்கூடிய ஆடுகளம் என்றால் பார்ல் ஒன்றுதான். அங்கே என்ன நடந்தது என்று கீழே வரும்.

வெளியே போனபோது வந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012 ஜனவரி, பார்ல்: தென்னாபிரிக்கா 301, இலங்கை 43. 2023 ஜனவரி, திருவனந்தபுரம்: 73. அதே ஆண்டு மார்ச், ஒக்லண்ட்: 76. அதே ஆண்டு நவம்பர், மும்பை வான்கடே, உலகக் கிண்ணத்திலேயே: 55. 2024 நவம்பர், டேர்பன்: டெஸ்ட் ஆட்டம்தான், ஆனாலும் 13.5 ஓவரில் 42, மார்கோ யான்சனுக்கு 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். இவ்வளவும் வெளியூர்க் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2023 செப்டம்பர் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்தது அதே பிரேமதாசவில். மழையால் தாமதமாகித் தொடங்கிய ஆட்டத்தில் நாணயச் சுழற்சியை வென்று நாமே துடுப்பெடுத்தாடப் போனோம். மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் எடுக்க, 12 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்றாகி 50 ஓட்டங்களுக்கு முடிந்தது. ஊரை விடப் பெரிய பிரச்சினை அசையும் பந்து. நம் நாட்டில் அது எப்போதாவது அசையும், தென்னாபிரிக்காவில் பருவத் தொடக்கத்தில் அனேகமாக ஒவ்வொரு நாளும் அசையும்.

ஏன் இப்படி உதிர்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். டச் பே கடற்கரையில் சொப்ட்போல் அடிக்கும் ஒரு பெடியனின் கைகளைக் கவனியுங்கள். பந்து விழுந்ததும் முன்காலைப் போட்டு, கைகளை உடம்பை விட்டு வெளியே நீட்டி, பந்து மேலெழும்போதே அடிப்பான். பந்து ஸ்விங் ஆகாது, முழங்காலுக்கு மேலே வராது, அதனால் அந்த அடி சரிவரும். பிரேமதாசவிலும் நீளப் பந்து தொடையளவில்தான் வரும், முன்காலில் போய் எழும் பந்தை ஓஃப் பக்கம் தள்ளலாம். அதே நீளத்தில், அதாவது ஸ்டம்பிலிருந்து ஏழு மீற்றர் அளவில், ஜோஹன்னஸ்பர்க்கில் விழும் பந்து இடுப்புக்கும் விலா எலும்புக்கும் இடையே வரும். கை முன்னே நீண்டிருந்தால் மட்டையின் மேல் பகுதியில் பட்டு முன்பக்கம் தொங்கும், ஓர் அங்குலம் வெளியே போனால் ஸ்லிப்பில் போய் நிற்கும். வேகத்தைப் பார்த்துப் பயந்து ஆட்டமிழந்தார்கள் என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். பயத்தை விட இங்கே பழக்கம்தான் வேலை செய்கிறது. ஓட்டம் கிடைத்த அடியைத்தான் கை தானாகத் தேடும்.

மாற்று வழி எளிமையானது, செய்வதுதான் கஷ்டம். நம் நாட்டில் பந்தை விடுவது திசையைப் பார்த்து: ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே என்றால் விடு. அங்கே நீளத்தைப் பார்த்தும் விடலாம். ஸ்டம்பின் மேலே போகும் பந்து நேரே வந்தாலும் விக்கெட்டைத் தொடாது. மெற்றிங் விரித்த ஆடுகளத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விளங்கும், அங்கேயும் பந்து எழும்பும். இரண்டாவது, மட்டை பந்தைச் சந்திக்கும் இடம் கண்ணுக்குக் கீழே இருக்கவேண்டும். சங்கக்கார அந்த நாட்டில் ஓட்டம் எடுத்தது அப்படித்தான். பார்லில் 43 ஓட்டங்களுக்குச் சுருண்ட அதே தொடரின் கடைசி ஆட்டத்தில், ஜோஹன்னஸ்பர்க்கின் வொன்டரர்ஸ் மைதானத்தில் 313 என்ற இலக்கை இலங்கை துரத்திப் பிடித்தது, சங்கக்கார 102. பதினொரு நாள் இடைவெளியில் 43 எடுத்த அணியும் 314 எடுத்த அணியும் ஒன்றுதான் என்பதை, முதல் சுற்றோடு பெட்டி கட்டுவார்கள் என்பவர்களிடம் ஒருக்கா சொல்லுங்கள்.

மைதானங்களைப் பிரித்துப் பார்க்காமல் தென்னாபிரிக்கா என்று ஒரே பெயரில் கதைப்பதுதான் பெரிய தவறு. வொன்டரர்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நம் நுவரெலியாவுக்குச் சற்றுத்தான் கீழே. செஞ்சூரியன், புளூம்பொன்டெய்ன், சிம்பாப்வேயின் ஹராரே, புலவாயோ எல்லாம் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேலே, நமீபியாவின் விண்ட்ஹூக் இன்னும் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து வேகம் குறையாமல் மட்டைக்கு வரும், அடித்தால் தூரம் போகும், ஸ்விங் சற்றுக் குறையும். சுழற்பந்து வீச்சாளருக்கு அங்கே கிடைக்காதது திருப்பத்தை விடக் காற்றில் விழும் அந்தத் தொங்கல். கொழும்பில் மட்டைக்கு முன்னே இறங்கும் பந்து அங்கே இறங்காமல் மட்டைக்கே போகும். களத்தடுப்பாளர்களுக்கும் இதே சிக்கல். உயரே போன பந்து கணித்ததை விடப் பின்னால் விழும், எல்லைக்கோட்டில் நிற்பவர் முதல் இரண்டு அடியை முன்னே வைத்தால் பிடி போய்விடும்.

டேர்பனும் ஈஸ்ட் லண்டனும் க்கெபெர்ஹாவும் கடற்கரை ஊர்கள், கேப்டவுணும் அப்படித்தான். ஈரக்காற்று வந்தால் பந்து ஸ்விங் ஆகும் என்று எல்லாரும் சொல்வார்கள், விஞ்ஞானம் அதை முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. ஆடுகளத்துக்குள் இருக்கும் ஈரம் நிச்சயம் வேலை செய்யும். ஒக்டோபரில் அங்கே பருவம் அப்போதுதான் தொடங்குகிறது, வெயிலில் வெந்து காய்ந்த ஜனவரி ஆடுகளம் கிடைக்காது. காலை பத்து மணி ஆட்டமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரம் தையலில் பட்டுப் பந்து இரு பக்கமும் போகும். க்கெபெர்ஹா, பழைய பெயரில் போர்ட் எலிசபெத், காற்றுக்குப் பேர்போன ஊர். கச்சான் அடிக்கிற மாதங்களில் திருகோணமலையில் பந்து வீசியவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை: வேகக்காரருக்குக் காற்று முதுகில் இருக்கவேண்டும், எதிர்க்காற்றில் ஓடி வீச ஒருவர் மனசார ஒத்துக்கொள்ளவேண்டும். குழாமில் அந்தக் கூலி வேலைக்கு ஆள் இல்லையென்றால் அணித்தலைவருக்குத் தலையிடி.

பார்ல் மெதுவான ஆடுகளம், சுழல் எடுக்கும். ஆனால் 43 ஓட்டங்களும் அங்கேதான். அதே மைதானத்தில் 2003 உலகக் கிண்ணத்தில் கனடாவை 36 ஓட்டங்களுக்குச் சுருட்டியதும் இதே இலங்கை அணி. ஆடுகளத்தின் பொதுக் குணத்தை நம்பி அன்றைய முதல் அரை மணித்தியாலத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி அந்த ஒரே இடம்.

2003 என்றதும் ஒரு விடயம். இந்த முறை போட்டி வடிவம் அந்த ஆண்டின் வடிவத்தை ஒட்டியது. 14 அணிகள், ஏழு ஏழாக இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் மூன்று அணிகள் சுப்பர் சிக்ஸுக்கு, பிறகு அரையிறுதி. குழுவில் எடுத்த புள்ளிகள் ஒரு கணக்குப்படி கூடவே வரும். எனவே எத்தனை பேரை வென்றோம் என்பதோடு யாரை வென்றோம் என்பதும் எண்ணப்படும். 2003இல் நைரோபியில் கென்யாவிடம் நாம் 53 ஓட்டங்களால் தோற்றோம். 211 என்ற இலக்கு, 157 ஓட்டங்களுக்கு எல்லாரும் வெளியே, கொலின்ஸ் ஒபுயாவுக்கு 5 விக்கெட். கென்யா அந்தப் புள்ளிகளையும் சுமந்துகொண்டு அரையிறுதி வரை போனது. அதனால் சிம்பாப்வே ஆட்டத்தையோ நமீபியா வந்தால் அந்த ஆட்டத்தையோ இலகு என்று எழுதி வைக்காதீர்கள். 2022இல் ரி20 உலகக் கிண்ணத்தில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்ற அணி இது. 2025 செப்டம்பரில் ஹராரேயில் ரி20 ஆட்டத்தில் சிம்பாப்வே நம்மை 80 ஓட்டங்களுக்குச் சுருட்டியது. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் அங்கே ஒருநாள் தொடரை 2-0 என்று எடுத்திருந்தார்கள்.

தகுதி பெறுவதைப் பற்றிய பயம் அதிகம் தேவையில்லை. 2027 மார்ச் 31 அன்று தரவரிசையில், தென்னாபிரிக்காவையும் சிம்பாப்வேயையும் கழித்து, முதல் எட்டு இடங்களில் இருப்பவர்கள் நேரே போவார்கள், மிச்சம் நான்கு இடங்களுக்குத் தகுதிச் சுற்று. நமீபியா போட்டியை நடத்தினாலும் அதற்கு நேரடி இடம் இல்லை. 2023இல் ஒன்பதாவதாக முடித்து 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தைத் தவறவிட்டவர்கள் நாங்கள் என்பதால், அந்தத் தேதியை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஜோஹன்னஸ்பர்க், செஞ்சூரியன் பக்கம் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழமையானது, வந்தால் ஒரு மணித்தியாலம் கொட்டிவிட்டுப் போகும். அப்போது டக்வேர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறைதான் ஆட்டத்தை முடிக்கும். அந்த முறை மிச்சமிருக்கும் ஓவரையும் கையிலிருக்கும் விக்கெட்டையும் சேர்த்து ஒரே வளமாகப் பார்க்கும். துரத்தும்போது விக்கெட் விழுந்தால் அந்த நிமிடமே தேவையான எண் மேலே ஏறும். 2003இல் போர்ட் எலிசபெத் அரையிறுதியில் அவுஸ்திரேலியா 212 ஓட்டங்கள்தான் எடுத்தது. சமிந்த வாஸ் 3 விக்கெட். கிண்ணம் கைக்கெட்டும் தூரம். ஆனால் பிரெட் லீயின் வேகத்தில் மேல்வரிசை போய்விட்டது, மழை வந்தபோது 38.1 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 123, தோல்வி 48 ஓட்டங்களால். அங்கேயும் அதே வியாதிதான்.

அதே கிண்ணத்தில் டேர்பனில் இந்த முறையால் பிழைத்ததும் நாங்கள்தான். மார்வன் அத்தபத்துவின் 124 ஓட்டங்களோடு இலங்கை 268. தென்னாபிரிக்கா துரத்துகிறது, மழை தூறுகிறது. 45ஆவது ஓவரில் முரளிதரனின் ஐந்தாவது பந்தை மார்க் பௌச்சர் சிக்ஸர் அடித்தார், எண் 229. உள்ளேயிருந்து வந்த செய்தியை நம்பி ஆறாவது பந்தைப் பேசாமல் தடுத்து வைத்தார், மழையால் ஆட்டம் அதோடு நின்றது. 229 என்பது வெற்றிக்கான எண் அல்ல, சமநிலைக்கான எண். போட்டியை நடத்திய நாடு ஓர் ஓட்டத்தால் வெளியே போனது. கணக்குத் தாளில் அச்சிட்டிருப்பது சமநிலை எண், வெல்ல அதோடு ஒன்று கூட்டவேண்டும். நீங்கள் ஆடும் உள்ளூர் அணியிலும் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது.

இனி விதி மாற்றம். இங்கே நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து ஒருநாள் ஆட்டத்தில், முனைக்கு ஒன்றாக, இரண்டு புதுப் பந்துகள் 34 ஓவர் வரை மட்டுமே. 35ஆவது ஓவரிலிருந்து, பந்துவீசும் அணி அந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்து அதையே கடைசி வரை வீசும். முன்பு ஐம்பதாவது ஓவரில் பந்தின் வயது 25 ஓவர், இப்போது 33 ஓவர். 35ஆவது ஓவருக்குப் பிறகு பந்து இரண்டு மடங்கு வேகத்தில் கிழடாகிறது. மென்மையாகும், அடித்தாலும் அவ்வளவு பறக்காது, ஒரு பக்கம் தேய்ந்தால், வழமைக்கு எதிர்ப்பக்கம் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்கும் வரும். மாலிங்கவைப் போலத் தோளை மடக்கிக் கீழாகச் சுற்றி வீசும் மதீஷ பத்திரன, நுவன் துஷார போன்றவர்களுக்கென்றே எழுதின விதி மாதிரி. மாலிங்க 2007இல் கயானாவில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்ததும் பழைய பந்தில்தான். ஆனால் பத்திரனவின் பிரச்சினை வேகமோ யோர்க்கரோ அல்ல. பத்து ஓவரையும் வீசி முடிக்கும் அளவுக்குத் திசைக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. ரி20இல் நான்கு ஓவர் ஒளிக்கலாம், இங்கே ஒளிக்க இடமில்லை.

புதுப் பந்தில் என் முதல் தெரிவு டில்ஷான் மதுஷங்க. இடக்கை வேகம், வலக்கையருக்குப் பந்து உள்ளே வரும். 2023 உலகக் கிண்ணத்தில் இலங்கை ஒன்பது ஆட்டத்தில் இரண்டுதான் வென்றது, அந்த அணியிலிருந்து 21 விக்கெட் எடுத்தார். 2003இல் பீற்றர்மாரிட்ஸ்பேர்க்கில் பங்களாதேஷுக்கு எதிராக ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலேயே ஹட்ரிக் எடுத்து, அந்தக் கிண்ணத்தில் மொத்தம் 23 விக்கெட்டோடு முதலிடம் பிடித்த வாஸும் இடக்கைதான். வாஸை விட மதுஷங்கவுக்கு வேகம் கூட. உடம்புதான் அடிக்கடி ஏமாற்றுகிறது. 2025 ஓகஸ்டில் ஹராரேயில் கடைசி ஓவரில் பத்து ஓட்டங்களைக் காப்பாற்ற ஹட்ரிக் எடுத்து 7 ஓட்டங்களால் வெல்ல வைத்தவரும் இவரே. மறுமுனையில் அசித பெர்னாண்டோவோ துஷ்மந்த சமீரவோ வேண்டும். அசித வேகத்தில் குறைவு, நீளத்தில் பிசகமாட்டார். 2025 ஜனவரியில் ஒக்லண்டில் 290 எடுத்துவிட்டு நியூசிலாந்தை 150 ஓட்டங்களுக்குள் அடக்கியபோது அசித, எஷான் மாலிங்க, மஹீஷ் தீக்ஷன மூவருக்கும் தலா மூன்று விக்கெட். அந்தத் தொடரை 2-1 என்று தோற்றார்கள் என்பதால் யாரும் அந்த ஆட்டத்தைப் பேசுவதில்லை. 2027க்கு எனக்குக் கொழும்பில் அவுஸ்திரேலியாவை 107 ஓட்டங்களுக்குச் சுருட்டியதை விட அதுதான் பெரிய சான்று.

சுழலில் மூவரைக் கட்டி இழுக்க வேண்டாம். வனிந்து ஹசரங்க நிச்சயம். மணிக்கட்டுச் சுழலுக்கு அங்கே எழும்பும் பந்து உதவும், கூக்ளி நெஞ்சளவு வரும். 2023 தகுதிச் சுற்றில், சிம்பாப்வே மண்ணில், தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் குறைந்தது ஐந்து விக்கெட் எடுத்தவர். இரண்டாவது ஆளாக வேகமான ஆடுகளத்தில் தீக்ஷன, பார்ல் போன்ற இடத்தில் வெல்லாலகேயையும் சேர்க்கலாம். கொழும்பில் செய்வதுபோல முப்பது ஓவர் சுழலைப் போட்டு ஆட்டத்தை நெரிக்கலாம் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறினால் வொன்டரர்ஸில் 350க்கு மேல் வாங்கிக்கொண்டு வரலாம். 2023இல் டெல்லியில் நமக்கு எதிராக இதே தென்னாபிரிக்கா 428 அடித்தது, மார்க்ரம் 49 பந்தில் சதம். பந்து நேரே மட்டைக்கு வரும் நாளில் நம் பந்துவீச்சு எங்கே போய் நிற்கும் என்று அந்த நாள் காட்டிவிட்டது.

துடுப்பாட்ட வரிசையில் ஏழாம் இலக்கம் யாருக்கு என்பதில் எனக்குத் திருப்தியான பதிலே இல்லை. திசார பெரேரா போன பிறகு, ஆறு ஓவர் வேகமாக வீசி முப்பது பந்தில் நாற்பது அடிக்கும் சகலதுறை வீரர் ஒருவரும் நிலைக்கவில்லை. ஜனித் லியனகே நல்ல துடுப்பாட்ட வீரர், பந்துவீச்சு உதவிக்குத்தான். கமிந்து மெண்டிஸ் இரு கையாலும் சுழல் வீசுவார், அங்கே தேவை வேகம். இந்த ஓட்டையால்தான் அணித்தலைவர் மூன்று வேகத்தோடு போவதா, ஒரு துடுப்பாட்ட வீரரைக் குறைப்பதா என்று தவிப்பார். பயிற்சியாளர் யாராக இருந்தாலும் இதற்கு ஒரு ஆளைப் பிடித்து, நல்லதோ கெட்டதோ, பதினைந்து ஆட்டமாவது தொடர்ந்து கொடுக்கவேண்டும். மூன்று ஆட்டத்தில் தூக்கிவிட்டு அடுத்தவரைத் தேடுவது நம் தேர்வாளர்களின் பழைய வியாதி.

மேல்வரிசையில் பத்தும் நிஸ்ஸங்கவின் பெயர்தான் முதலில் வரும். 2024 பெப்ரவரியில் பல்லேகலையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 210, ஆட்டமிழக்கவில்லை. இலங்கையர் ஒருவர் ஒருநாள் ஆட்டத்தில் எடுத்த முதல் இரட்டைச் சதம், சனத் ஜயசூரியவின் 189 அதோடு பின்னால் போனது. பின்காலில் ஆடத் தெரிந்தவர், வெட்டும் இழுப்பும் இருக்கிறது. வான்கடேயில் முதல் பந்திலேயே பும்ராவிடம் எல்பிடபிள்யூ ஆனவரும் அவர்தான். எனவே அவரைச் சுற்றி ஒரு காவல் வேண்டும். இரண்டாவது தொடக்க வீரர் முதல் ஆறு ஓவருக்கு ஓட்டத்தைப் பற்றி யோசிக்காமல் பந்தை விடக்கூடியவராக இருக்கவேண்டும். குசல் மெண்டிஸ் மூன்றாம் இலக்கத்தில் வரட்டும், பத்தாவது ஓவருக்குப் பிறகு வந்தால் அவரைத் தடுப்பது கஷ்டம்.

என் கணக்கு இது. பத்து ஓவரில் ஒரு விக்கெட்டுக்கு 45 போதும், 65க்கு 3 வேண்டாம். அடுத்த முப்பது ஓவரில் ஓவருக்கு ஐந்தரை வீதம் 165, அதாவது நாற்பது ஓவரில் 210, விக்கெட் நான்குக்கு மேல் போகக்கூடாது. கடைசிப் பத்தில், பந்து கிழடாகிவிட்டதால், 90 கேட்காமல் 75 கேட்போம். மொத்தம் 285. உயரமான மைதானங்களில் இதற்கு மேல் இருபது, முப்பது தேவைப்படும், பார்லிலும் க்கெபெர்ஹாவிலும் 260 போராடும். ரி20 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த 45 சோம்பலாகத் தெரியும். ஆனால் மேலே எழுதிய 43, 50, 55 எல்லாவற்றிலும் ஆட்டம் முடிந்தது அந்தப் பத்து ஓவரில்தான்.

பயிற்சியை எப்படிச் செய்யலாம்? பல்லேகலையில் ஆடுகளத்தில் ஆறு, எட்டு மில்லிமீற்றர் புல்லை விட்டு வலைப்பயிற்சி. ஆடுகளத்தின் நீளம் 20.12 மீற்றர். பந்தை எறியும் நீண்ட கைப்பிடியான சைட்ஆர்ம் கருவியால் 18 மீற்றரிலிருந்து 130 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால், முழு நீளத்தில் 145 கிலோமீற்றர் வேகப் பந்துக்குக் கிடைக்கும் நேரம்தான் துடுப்பாட்ட வீரருக்குக் கிடைக்கும். கருங்கல் பலகை ஒன்றைப் பந்து விழும் இடத்தில் வைத்தால் எழுச்சியும் வரும். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, எல்லாப் பந்தையும் அடிக்கச் சொல்வது. இருபது பந்துக்குப் பன்னிரண்டையாவது விடவேண்டும், விட்டதற்குப் புள்ளி கொடுக்கவேண்டும். தம்பி, இதை உங்கள் அணியும் செய்யலாம். சீமெந்துத் தரை, நனைத்த ரெனிஸ் பந்து, பதினைந்து மீற்றர் தூரம். ஹெல்மெட் இல்லாமல் நிற்காதீர்கள். அணியைப் பொறுத்தவரை, முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே அங்கே இறங்கி, உயரமான ஊர் ஒன்றிலும் கடற்கரை ஊர் ஒன்றிலும் பயிற்சி ஆட்டம் ஆடினால்தான் உடம்பும் கண்ணும் பழகும். 2019இல் டேர்பனில் குசல் பெரேராவின் 153 ஓட்டங்களால் வென்று, அடுத்ததையும் வென்று, தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரைக் கைப்பற்றிய முதல் ஆசிய அணியானோம். அதே பயணத்தில் ஒருநாள் தொடரை 5-0 என்று இழந்தோம். எனவே போய் வந்த அனுபவம் மட்டும் போதாது, எந்தப் பந்துக்கு என்ன செய்வது என்று ஒருநாள் ஆட்டத்துக்கெனத் தனியே தயாராகவேண்டும்.

ஆறு குழு ஆட்டத்தில் நான்கு வென்றால் சுப்பர் சிக்ஸ் அனேகமாக உறுதி, மூன்று என்றால் ஓட்ட விகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். நான் நான்கு எதிர்பார்க்கிறேன். அதற்கு மேல், மதுஷங்கவின் உடம்பு ஒத்துழைத்து ஏழாம் இலக்கத்துக்கு ஒருவர் கிடைத்தால் அரையிறுதியைப் பற்றிக் கதைக்கலாம், இல்லாவிட்டால் ஐந்தாவது ஆறாவது இடம். 2025 நவம்பரில் ராவல்பிண்டியில் பாகிஸ்தானிடம் 3-0 என்று இழந்த தொடரை எடைபோட்டுத்தான் சொல்கிறேன்.

ஆட்ட நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று நாடுகளும் நம்மை விட மூன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை பத்துக்குத் தொடங்கினால் இங்கே பகல் 1.30, பாடசாலை விட்டு வந்தால் முதல் பத்து ஓவர் போய்க்கொண்டிருக்கும். பகலிரவு ஆட்டம் என்றால் முடிய நள்ளிரவு தாண்டும். அது மாரி தொடங்கும் காலம், திருகோணமலையில் மழையோடு கரண்டும் போகும். பற்றரி போட்ட ரேடியோ ஒன்றை இப்போதே தேடி வையுங்கள்.